புல்-த்ரூ அறுவைக்குப் பிறகும் ஜட்டியில் கறை: ஆசனவாய்த் தசை வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்?

நீர்க்குமிழி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. பிறந்த சில நாட்களிலேயே ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கைக்குழந்தையாக இருக்கும்போதே நரம்பணு இல்லாத குடல் பகுதியை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் புல்-த்ரூ அறுவை நடந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது, எடை கூடினான், ஓடி விளையாடுகிறான்.

ஆனால் இன்னமும் தினமும் ஜட்டியில் கறை படிகிறது. முழுதாகப் போய்விடுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. சில நாள் டாய்லெட்டில் உட்கார்ந்து நன்றாகவே போகிறான். அப்புறம் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் கறை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் எதுவும் சொல்வதில்லை, ஆனால் இடைவேளையில் தனியாகப் போய் நிற்கிறான் என்று ஆசிரியர் சொன்னார்.

இப்போது மருத்துவர் ஆசனவாய் மனோமெட்ரி, அதாவது ஆசனவாய்த் தசையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை, எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் "ஆபரேஷனில் தசையை வெட்டிவிட்டார்கள், இனிமேல் சரியாகாது" என்கிறார்கள். போதாக்குறைக்கு, இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ஒரு ரிப்போர்ட்டில் "மலக்குடல் விரியும்போது உள் சுருக்குத்தசை தளரவில்லை" என்று இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அப்படியென்றால் அறுவை தோல்வியா? இந்தப் பரிசோதனை வலிக்குமா? இதன் முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்குமா? இந்த வழியில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

இருமகள்அப்பா

சகோதரி, பரிசோதனை பற்றித் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. பையன் வயிறு மாலையில் உப்புகிறதா? போகும்போது மலம் எப்படி இருக்கிறது, கெட்டியாகவா, தண்ணீராகவா? என் மூத்த மகளுக்குப் பிறவியிலேயே ஆசனவாய்த் திறப்பு சரியான இடத்தில் இல்லை. அறுவை செய்து சரிசெய்தார்கள். அவளுக்கும் இதே கசிவு இருந்தது. நாங்களும் தசைதான் பலவீனம் என்று நினைத்தோம். கடைசியில் பார்த்தால் பெருங்குடல் முழுக்க மலம் தேங்கி நின்றது, அதன் ஓரமாகக் கசிந்ததைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறுவை_மருத்துவன்

நான் குழந்தைகள் அறுவைப் பிரிவில் இருக்கிறேன். குழந்தையைப் பார்க்காமல் இன்ன சிகிச்சை என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மருத்துவர் எதைத் தேடுகிறார் என்று புரிந்துகொண்டு போனால் அந்த அறையில் நீங்கள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட் வரி. இயல்பான குழந்தைக்கு மலக்குடல் விரிந்ததும் உள் சுருக்குத்தசை தானாக ஒரு கணம் தளரும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில் இந்த அனிச்சைத் தளர்வு இருக்காது. அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்கவே அந்தப் பரிசோதனை உதவுகிறது. புல்-த்ரூ செய்த பிறகும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது திரும்பி வருவதில்லை. ஏனென்றால் அறுவையில் மாற்றியது குடலை; உள் சுருக்குத்தசை அதே பழைய தசைதான். ஆகவே அந்த வரியை மட்டும் வைத்து அறுவை தோல்வி என்று யாரும் சொல்லக்கூடாது. தளர்வு இல்லாமலேயே நன்றாக மலம் கழித்து, கறை இல்லாமல் இருக்கிற குழந்தைகள் நிறையப் பேர்.

இனி, "தசை" என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் மூன்று இருக்கின்றன. உள் சுருக்குத்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது, தூங்கும்போதும் மூடியே இருக்கும். சும்மா இருக்கும்போது ஆசனவாயில் உள்ள அழுத்தத்தில் சுமார் 70 முதல் 80 விழுக்காடு அதன் வேலை. வெளிச் சுருக்குத்தசை நம் கட்டுப்பாட்டில் இருப்பது. "இப்போது முடியாது, அடக்கு" என்று நினைத்தால் இறுகுவது அதுதான். அதற்கான நரம்பு முதுகெலும்பின் அடிப்பகுதியான திருவெலும்பின் 2, 3, 4ஆம் நரம்புகளிலிருந்து வருகிறது. மூன்றாவது, மலக்குடலைப் பின்னாலிருந்து முன்னோக்கி இழுத்து ஒரு வளைவை உண்டாக்கும் தசை. கெட்டி மலம் தானாக இறங்காமல் நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இவை மூன்றும் நன்றாக இருந்தும் கறை படியலாம். அடக்குவதற்குத் தசை மட்டும் போதாது. உள்ளே வந்திருப்பது காற்றா, நீரா, கெட்டியா என்று உணர வேண்டும். அந்த உணர்வு ஆசனவாய்க்குள் டென்டேட் கோடு என்று சொல்லும் இடத்தை ஒட்டிய மெல்லிய தோலில் இருக்கிறது. அதனால்தான் புல்-த்ரூவில் தையலை அந்தக் கோட்டுக்கு மேலே, சிறு குழந்தையில் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுப் போடுகிறோம். கோடு சேதமாகிவிட்டால் குழந்தைக்குத் தெரியாமலேயே வெளியே வந்துவிடும். இதை எந்த இயந்திரமும் காட்டாது. மயக்கம் கொடுத்து, வெளிச்சம் போட்டு, கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது இருமகள்அப்பா கேட்டதுதான். கறை படிவதில் இரண்டு ரகம். ஒன்று, தசையோ உணர்வோ இல்லாமல் நிஜமாகவே அடக்க முடியாதது. இன்னொன்று, உள்ளே அடைத்துக்கொண்டு ஓரமாக வழிவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஜட்டிக் கறைதான். சிகிச்சையோ நேர் எதிர். முதலாவதற்கு மலத்தைக் கெட்டியாக்கி, குடலின் வேகத்தைக் குறைக்கப் பார்ப்போம். இரண்டாவதற்கு மலத்தை இளக்கி வெளியேற்றப் பார்ப்போம். மாற்றிச் செய்தால் குழந்தை மோசமாகும். தசையின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நீர்க்குமிழி

டாக்டர், பொறுமையாக எழுதியதற்கு நன்றி. தளர்வு பற்றி நீங்கள் சொன்னதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

இருமகள்அப்பா, வயிறு மாலையில் கொஞ்சம் உப்பும், கையால் தொட்டால் இறுக்கமாக இருக்கும். காலையில் பரவாயில்லை. மலம் பெரும்பாலும் கூழ் மாதிரி, எப்போதாவது ஒரு பெரிய கெட்டி உருண்டை. அந்த உருண்டை போன பிறகு ஒன்றிரண்டு நாள் கறை குறைகிறது. இதை நான் இதுவரை மருத்துவரிடம் சொன்னதில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அறுவை_மருத்துவன்

இதைக் கட்டாயம் சொல்லுங்கள். "உருண்டை போனபின் கறை குறைகிறது" என்ற ஒரு வரி எனக்கு மிக முக்கியமான தகவல். தேதி போட்டு எழுதி வைத்துக் கொடுங்கள்.

பரிசோதனைக்கூடம்

மனோமெட்ரி செய்யும் கூடத்தில் செவிலியராக வேலை செய்கிறேன். வலி பற்றிக் கேட்டிருந்தீர்கள், நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

முந்தைய நாளோ அன்று காலையோ எனிமா கொடுத்து மலக்குடலைக் காலி செய்யச் சொல்வோம். உள்ளே மலம் இருந்தால் பலூனின் அழுத்தம் சுவருக்குப் போய்ச் சேராது, கிடைக்கும் எண்கள் நம்ப முடியாதவையாகிவிடும். குழந்தை இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மென்மையான குழாய், நுனியில் சின்ன பலூன், பக்கவாட்டில் அழுத்தத்தை உணரும் புள்ளிகள். ஜெல் தடவி உள்ளே விடும்போது கூச்சமாக இருக்கும், டாய்லெட் வருகிற மாதிரி தோன்றும். பொதுவாக வலி இருக்காது. ஆசனவாயில் வெடிப்போ புண்ணோ இருந்தால் வலிக்கும், அப்படி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆறிய பிறகு செய்யலாம்.

உள்ளே போன உடனே நாங்கள் எதையும் பதிவு செய்ய மாட்டோம். சில நிமிடம் காத்திருப்போம். குழாய் பட்டதும் தசை இறுகும். அது அடங்கிய பிறகு கிடைப்பதுதான் ஓய்வு அழுத்தம். அப்புறம் "பின்பக்கத்தை இறுக்கிப் பிடி" என்போம், இது வெளிச் சுருக்குத்தசைக்கு. இறுக்கிப் பிடி என்றால் சின்னப் பிள்ளைகள் வயிற்றையும் தொடையையும் இறுக்குவார்கள், புட்டத்தைத் தூக்குவார்கள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு "இங்கே இல்லை, அங்கே மட்டும்" என்று சொல்லித்தர வேண்டியிருக்கும். முடியாத பிள்ளையை இருமச் சொல்வோம். இருமும்போது வயிற்று அழுத்தம் ஏறுவதால் வெளித்தசை தானாகவே இறுகும். பிள்ளை ஒத்துழைக்காவிட்டாலும் நரம்பும் தசையும் உயிரோடு இருக்கின்றனவா என்று அதில் தெரிந்துவிடும்.

பிறகு "டாய்லெட்டில் முக்குவது போல் முக்கு" என்போம். முக்கும்போது ஆசனவாய் அழுத்தம் குறைய வேண்டும். சில பிள்ளைகளுக்கு அப்போது ஏறும். அதாவது வெளியே தள்ள வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்கிறார்கள். வலிக்குப் பயந்து பல மாதம் அடக்கிப் பழகிய பிள்ளைகளிடம் இது அதிகம். கடைசியாக பலூனில் சிறிது சிறிதாகக் காற்று விட்டு, எப்போது முதலில் உணர்கிறான், எப்போது "போக வேண்டும்" என்கிறான், எப்போது தாங்க முடியவில்லை என்று குறித்துக்கொள்வோம். மலக்குடல் பெரிதாக விரிந்துபோன பிள்ளைக்கு அதிக காற்று விட்டால்தான் உணர்வே வரும், தளர்வும் தெரியும். குறைந்த அளவிலேயே நிறுத்திவிட்டு "தளர்வு இல்லை" என்று எழுதினால் அது தவறான ரிப்போர்ட்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். பலூனில் லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) இருக்கலாம். பலமுறை அறுவையும் குழாய் மாற்றமும் நடந்த பிள்ளைகளுக்கும், முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கும் லேடெக்ஸ் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம். பலூன் ஊதும்போது உதடு வீங்கியது, கையுறை பட்டுத் தடித்தது என்று ஏதாவது இருந்தால் வாசலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று, பிள்ளையிடம் பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். "ஊசி இல்லை, ஒரு மெல்லிய குழாய், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்றால் போதும். அழுகிற பிள்ளையின் வரைபடத்தில் வயிற்று அழுத்தமும் வெளித்தசையின் இறுக்கமும் ஏறி ஏறி இறங்கும், அதற்குள் தளர்வு இருந்தாலும் மறைந்துவிடும்.

இருமகள்அப்பா

மயக்கம் கொடுத்துச் செய்துவிட்டால் பிள்ளைக்குச் சிரமம் இல்லையே? எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

பரிசோதனைக்கூடம்

மயக்கத்தில் இறுக்குவது, முக்குவது, உணர்வு மூன்றும் போய்விடும். பல மயக்க மருந்துகள் ஓய்வு அழுத்தத்தையும் குறைத்துவிடும். கீட்டமைன் மாதிரி மருந்தில் உள் தசையின் அனிச்சைத் தளர்வை மட்டும் பார்க்கலாம், அதனால் நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அது சரி. அறுவைக்குப் பிறகு "இந்தப் பிள்ளையால் அடக்க முடியுமா" என்ற கேள்விக்கு விழித்திருக்கும் பிள்ளைதான் பதில் சொல்ல முடியும். பொதுவாக ஐந்து வயதுக்கு மேல் ஒத்துழைப்பு நன்றாக இருக்கும். நீர்க்குமிழி அம்மாவின் பையன் சரியான வயதில்தான் வருகிறான்.

இருமகள்அப்பா

சரி, அப்படியென்றால் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மகளுக்கு மனோமெட்ரி செய்து ஓய்வு அழுத்தம் குறைவு என்று எழுதினார்கள். அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் போனது. வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் தேங்கியிருப்பது அன்றே தெரிந்திருக்கும். அதனால் பெற்றோர்களுக்கு நான் சொல்வது: முதலில் குடல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், தசைப் பரிசோதனை அப்புறம். இப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது, தினமும் மலமிளக்கி எடுத்துக்கொண்டு சுத்தமாக இருக்கிறாள். அதே தசைதான், அதே எண்தான்.

அறுவை_மருத்துவன்

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் ஹிர்ஷ்ஸ்ப்ரங்கும் பிறவி ஆசனவாய்க் குறைபாடும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தை முழுமையான தசையோடும் டென்டேட் கோட்டோடும் பிறக்கிறது. அறுவையில் அவற்றைக் காப்பாற்றியிருந்தால் அடக்கும் திறன் இருந்தே ஆக வேண்டும். அங்கே மனோமெட்ரி "காப்பாற்றப்பட்டதா" என்ற கேள்விக்கு விடை தருகிறது. ஆசனவாய்க் குறைபாட்டில் நிலைமை வேறு. பிறக்கும்போதே உள் சுருக்குத்தசை முழுதாக உருவாகாமல் இருக்கலாம், வெளித்தசை மெலிந்திருக்கலாம், நரம்பே குறைவாக இருக்கலாம். ஆகவே அந்தக் குழந்தைகளிடம் குறைந்த எண் வருவது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

அங்கே எதிர்காலத்தைச் சொல்வதில் மூன்று விஷயத்துக்கு நான் அதிக எடை கொடுப்பேன். குறைபாட்டின் வகை முதலில். பெண் குழந்தைக்கு யோனி முகப்பில் திறந்தது, அல்லது ஆண் பெண் இருவருக்கும் பெரினியத்தில் (ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட தோலில்) திறந்தது என்றால் அடக்கும் வாய்ப்பு நல்லது, ஆனால் மலச்சிக்கல் அதிகம். உங்கள் மகள் அந்த வழியில்தான் போயிருக்கிறாள் என்று தோன்றுகிறது. ஆண் குழந்தைக்குச் சிறுநீர்ப்பைக் கழுத்தில் திறந்திருந்தால் வாய்ப்பு குறைவு. இரண்டாவது திருவெலும்பு. எக்ஸ்ரேயில் அதன் நீளத்தை இடுப்பெலும்போடு ஒப்பிட்டு ஒரு விகிதம் போடுகிறோம். அது 0.4க்குக் கீழே இருந்தால் அடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, 0.7க்கு மேல் என்றால் நம்பிக்கையோடு இருக்கலாம். மூன்றாவது முதுகுத்தண்டு. தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதல் மூன்று மாதத்துக்குள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும், அதற்குப் பிறகு எம்ஆர்ஐயிலும் பார்க்க வேண்டும்.

அறுவை செய்த குடல் தசைக் கூட்டத்தின் நடுவே போகிறதா, ஓரமாக விலகிப் போகிறதா என்று இடுப்பு எம்ஆர்ஐ காட்டும். தசை நன்றாக இருந்தும் குடல் அதற்கு வெளியே போயிருந்தால் மறு அறுவை பற்றி யோசிக்க இடமுண்டு. தசை சுற்றிலும் எங்காவது அறுந்திருக்கிறதா என்பதை ஆசனவாய்க்குள் விடும் அல்ட்ராசவுண்ட் காட்டும், அதில் உள் தசை ஒரு கறுப்பு வளையமாகத் தெரியும். ஆசனவாய்க் குறைபாட்டுக்குப் பின்வழி அறுவையை அல்பெர்ட்டோ பெஞ்ஞாவும் பீட்டர் டி வ்ரீசும் 1982இல் வெளியிட்டபோது அதன் அடிப்படையே இதுதான்: மின் தூண்டல் கொடுத்து, எந்தத் தசை எங்கே சுருங்குகிறது என்று கண்ணால் பார்த்து, அதன் சரியான நடுவில் குடலை வைப்பது. இன்றும் மயக்கத்தில் பரிசோதிக்கும்போது அதே தூண்டல் கருவியைத்தான் வெளியே வைத்துப் பார்க்கிறோம். தோல் சுருங்கும் மையமும் ஆசனவாயும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு மருத்துவமனையின் மனோமெட்ரி எண்ணை வேறொரு மருத்துவமனையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். குழாயும் முறையும் மாறினால் எண்ணும் மாறும். அதே பிள்ளை, அதே இடம், முன்பும் பின்பும் என்று ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

வளர்ந்தவன்

நான் பெற்றோர் இல்லை, அந்தப் பிள்ளை. ஆசனவாய்க் குறைபாட்டோடு பிறந்தவன், இப்போது வேலைக்குப் போகிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்குச் சின்ன வயதில் பல பரிசோதனைகள் நடந்தன. எல்லாக் கேள்வியும் அம்மாவிடம்தான். "போக வேண்டும் என்று உனக்கு முன்னாடியே தெரிகிறதா, போன பிறகுதான் தெரிகிறதா?" என்று என்னிடம் முதலில் கேட்டவர் ஒரு இளம் மருத்துவர், எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்குத் தெரியாது, போன பிறகு ஈரம் பட்டால்தான் தெரியும் என்றேன். அதுவரைக்கும் நான் சோம்பேறித்தனமாக டாய்லெட் போகாமல் இருக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நீர்க்குமிழி அக்கா, உங்கள் மகனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். காற்று பிரிவதும் மலம் வருவதும் வேறுவேறாகத் தெரிகிறதா? விளையாடிக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய் அடக்க முடிகிறதா? தூக்கத்தில் படிகிறதா, பகலில் மட்டுமா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். திட்ட மாட்டார்கள் என்று நம்பினால் சொல்வான்.

என் தசை என்றைக்கும் பலமாகவில்லை. தினமும் ஒரு நேரம் குடலைக் கழுவிச் சுத்தம் செய்கிறேன், மிச்ச நேரம் முழுக்கச் சுத்தமாக இருக்கிறேன். குடல்வால் வழியாக வயிற்றிலிருந்தே எனிமா விடும் அறுவையை மலோன் என்ற மருத்துவர் 1990இல் எழுதினார். அது எனக்குப் பதின்ம வயதில் நடந்தது. அதன் பிறகுதான் யாருடைய உதவியும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு நானே பார்த்துக்கொள்ள முடிந்தது. என் ரிப்போர்ட்டில் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்தால் நான் வீட்டை விட்டு வெளியே போக முடியாதவன் என்று நினைப்பீர்கள்.

நீர்க்குமிழி

தம்பி, படித்து அழுதுவிட்டேன். நீ சொன்ன மாதிரி இன்று மாலை கேட்டேன். காற்று வேறு, "ஆய்" வேறு என்று தெரிகிறதாம். அடக்கவும் முடிகிறதாம். "ஆனா அது வரும்போது எனக்குத் தெரியாது, சின்னதா இருக்கும்மா" என்றான். தூக்கத்தில் படிவதில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன், இரவில் சுத்தமாகத்தான் இருக்கிறான்.

அறுவை_மருத்துவன்

காற்றையும் மலத்தையும் பிரித்து உணர்கிறான், அடக்குகிறான், இரவில் சுத்தம். மூன்றும் நல்ல அறிகுறிகள். தசையும் கோடும் சேதமாகியிருந்தால் உடல் முழுதும் தளர்ந்திருக்கும் தூக்கத்தில்தான் முதலில் கசிவு தெரியும். முடிவு பரிசோதனையில்தான், ஆனால் இதை எழுதி எடுத்துப் போங்கள்.

புதுஅம்மா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு நான்கு மாதம். போன மாதம்தான் புல்-த்ரூ முடிந்தது. இப்போதே தசையைப் பார்த்துவிட்டால் நல்லதில்லையா? ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை போகிறாள், அடியில் தோல் எல்லாம் சிவந்து உரிகிறது. தசை இல்லை என்று அர்த்தமா?

பரிசோதனைக்கூடம்

அம்மா, அடக்கும் திறனை நான்கு மாதத்தில் அளக்க முடியாது. எல்லாக் குழந்தையும் இந்த வயதில் அடக்காமல்தான் போகும். மருத்துவர்கள் சர்வதேச அளவில் 2005இல் கிரிக்கன்பெக் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட அளவுகோலே மூன்று வயதுக்கு மேல்தான் பார்க்கச் சொல்கிறது: தானாக உணர்ந்து, சொல்லி, அடக்கிப் போகிறதா, கறை எவ்வளவு, மலச்சிக்கல் எவ்வளவு. அறுவை முடிந்த முதல் மாதங்களில் பல முறை போவது சகஜம், பெரும்பாலும் மெல்லக் குறையும். தோலுக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பைக் கனமாகப் பூசுங்கள். களிம்பைத் தேய்த்து எடுக்காதீர்கள், மேலே உள்ள மலத்தை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

அறுவை_மருத்துவன்

புதுஅம்மாவுக்கு நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். வயிறு திடீரென்று பானை போல் உப்பி, நாற்றத்தோடு பீறிட்டு வயிற்றுப்போக்கு போய், காய்ச்சலோ சோர்வோ வாந்தியோ இருந்தால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தைகளுக்கு வரும் குடல் அழற்சி அது. அறுவைக்குப் பிறகும் வரும், முதல் ஒன்றிரண்டு வருடம் ஆபத்து அதிகம். சாதாரண பேதி என்று பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்துவிடக் கூடாது. இங்கே எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கவும் கூடாது.

நீர்க்குமிழி

எல்லாம் முடிந்து வந்துவிட்டோம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன்.

மயக்கத்தில் பார்த்ததில் டென்டேட் கோடு முழுதாக இருக்கிறது, தையல் இடத்தில் சுருக்கம் இல்லை. இன்னொரு நாள் விழித்திருக்கும்போது மனோமெட்ரி. செவிலியர் சொன்ன மாதிரியே நடந்தது. இறுக்கச் சொன்னபோது புட்டத்தைத் தூக்கினான், மூன்றாவது முறை சரியாகச் செய்தான், திரையில் கோடு மேலே போனதைக் காட்டியதும் அவனுக்குப் பெருமை. ஓய்வு அழுத்தம் நன்றாக இருக்கிறது, இறுக்கும் சக்தியும் இருக்கிறது. உள் தசைத் தளர்வு இப்போதும் இல்லை. முக்கச் சொன்னால் இறுக்குகிறான். கான்ட்ராஸ்ட் எனிமா (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை எனிமாவாக விட்டு எடுக்கும் படம்) எடுத்ததில் குடல் கீழ்ப்பகுதி விரிந்து, அடுத்த நாள் படத்திலும் மருந்து உள்ளேயே நிற்கிறது. ஆக, தசை இருக்கிறது, கதவுதான் திறக்க மாட்டேன் என்கிறது.

இப்போது குடலை முழுதாகக் காலி செய்து தினசரி மலமிளக்கி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சரிவராவிட்டால் உள் தசையில் போடாக்ஸ் ஊசி போடலாம் என்கிறார்கள். தசையைப் பலவீனமாக்கும் ஊசி என்றால் பயமாக இருக்கிறது. அப்புறம் நிஜமாகவே அடக்க முடியாமல் போய்விட்டால்?

இருமகள்அப்பா

சந்தோஷம் சகோதரி. வீட்டில் பெரியவர்களுக்கு முதல் இரண்டு வரியையாவது வாசித்துக் காட்டுங்கள்.

அறுவை_மருத்துவன்

நல்ல முறையில் பார்த்திருக்கிறார்கள். போடாக்ஸின் விளைவு சில மாதத்தில் தானாகவே தேய்ந்துவிடும், அதுதான் அதன் பாதுகாப்பு. தளராத தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி, குடல் காலியாகும் பழக்கம் வருகிறதா என்று பார்க்கிறோம். ஊசி போட்டதும் நன்றாகப் போனால் அடைப்புக்குக் காரணம் அந்தத் தசைதான் என்பதும் உறுதியாகிறது, ஆக அதுவே ஒரு பரிசோதனையும்கூட. கொஞ்ச நாள் கறை கூடினாலும் பொதுவாகத் தற்காலிகமானதுதான். தசையை நிரந்தரமாக வெட்டித் தளர்த்தும் அறுவையைப் பற்றி யாராவது சொன்னால் அப்போது நின்று நிதானித்துக் கேள்வி கேளுங்கள். வெட்டிய தசையைத் திரும்ப வைக்க முடியாது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தைகளில் பலருக்கு வயது ஏற ஏற நிலைமை சீராகும், அந்த நாளில் அந்தத் தசை தேவைப்படும்.

ஊசியும் மருந்தும் பலன் தராவிட்டால், இழுத்துத் தைத்த குடலின் நுனியில் நரம்பணு நன்றாக இருந்ததா என்று பழைய திசு ரிப்போர்ட்டை மறுபடி பார்ப்பார்கள், தேவையென்றால் மறுபடியும் சிறு திசு எடுப்பார்கள். முதல் அறுவையின் ரிப்போர்ட்டையும் திசு ரிப்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போதே நகல் கேட்டு வாங்கிவிடுங்கள். பல வருடம் ஆனால் கிடைப்பது கஷ்டம்.

பரிசோதனைக்கூடம்

முக்கும்போது இறுக்குகிறான் என்பதற்குப் பயோஃபீட்பேக் பயிற்சி இருக்கிறது. அதே குழாய், அதே திரை, இந்த முறை கோட்டைக் கீழே இறக்குவதுதான் விளையாட்டு. திரையைப் பார்த்து அவன் பெருமைப்பட்டான் என்று எழுதியிருந்தீர்களே, அப்படிப்பட்ட பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். ஆனால் குடல் காலியாகி, போகும்போது வலி இல்லாத நிலை வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். டாய்லெட்டில் கால் தொங்காமல் பாதம் ஏதாவது பலகையில் ஊன்றி இருக்கட்டும்.

சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க அடுத்த மாதமே மனோமெட்ரி கேட்காதீர்கள். ரிண்டாலா அளவெண் என்று ஒன்று இருக்கிறது: அடக்கும் திறன், உணர்வு, எத்தனை முறை, கறை, திடீரென்று போய்விடுவது, மலச்சிக்கல், பழகும் இடங்களில் சங்கடம் என்று ஏழு கேள்வி, மொத்தம் 20. உங்கள் மருத்துவரிடம் கேட்டு இன்றைக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று போட்டு வையுங்கள். தினசரிக் குறிப்பில் மலம் போன நேரம், கெட்டியா கூழா, கறை உண்டா, மாலையில் வயிறு எப்படி, இவ்வளவு போதும். கறை என்றால் எத்தனை முறை துணி மாற்றினீர்கள் என்று எழுதுங்கள், "அதிகம்", "குறைவு" என்று எழுதினால் எங்களால் ஒப்பிட முடியாது.

வளர்ந்தவன்

அக்கா, குறிப்பை அவன் பார்க்கும்படி சுவரில் ஒட்டாதீர்கள். பையில் ஒரு மாற்று ஜட்டி, ஒரு மூடும் பை, ஈரத் துடைப்பான், அது அவனுக்கே தெரிந்த ஒரு சின்ன அறையில் இருக்கட்டும். கையைத் தூக்கி அனுமதி கேட்காமல் வெளியே போய் வரலாம் என்று ஆசிரியரிடம் ஒரு கடிதம் மருத்துவரிடம் வாங்கிக் கொடுங்கள். எனக்கு அந்தக் கடிதம் கிடைத்த வருடத்திலிருந்துதான் வகுப்பில் கவனம் வைத்துப் படிக்க முடிந்தது.

நீர்க்குமிழி

கடிதத்துக்கு நாளை கேட்கிறேன் தம்பி. பழைய திசு ரிப்போர்ட் என்னிடம் இல்லை டாக்டர், டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும்தான் இருக்கிறது. அறுவை நடந்த இடத்துக்கு எழுதிக் கேட்கப் போகிறேன். திசு எண் தெரியாவிட்டாலும் பெயரும் தேதியும் வைத்துத் தேடித் தருவார்களா?

அறுவை_மருத்துவன்

தருவார்கள். குழந்தையின் மருத்துவமனை எண், அறுவைத் தேதி இரண்டும் டிஸ்சார்ஜ் சுருக்கத்திலேயே இருக்கும். அதன் நகலை இணைத்து நோயியல் துறைக்கும் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ரிப்போர்ட்டோடு திசு வைத்த கண்ணாடித் தகடுகளையும் மறுபரிசீலனைக்குக் கேட்கலாம்.